‘கோட்பரைப் பிடி!’ – ஓர் ஆணையம் பிறந்த கதை

1960களின் ஹாங்காங்கில் தீயணைப்பு வண்டியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வண்டி வந்துவிடும், குழாயையும் நீட்டுவார்கள். ஆனால் வீட்டுக்காரர் முதலில் ‘தண்ணீர்’ காட்டினால்தான் குழாயில் தண்ணீர் வரும். அந்த ஊர்க் கொச்சையில் தண்ணீர் என்றால் பணம். நோயாளியைத் தூக்கிப்போக வரும் ஆம்புலன்ஸ்காரருக்கு டீக்காசு கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டாலும் பெட்பேன் கேட்டாலும் ஆயாவின் கையில் ஏதாவது வைக்க வேண்டும். அரசுக் குடியிருப்பில் வீடு, பிள்ளைக்குப் பள்ளியில் இடம், தெருவோரக் கடைக்கு உரிமம் என்று எதற்குப் போனாலும் உரிய ஆளுக்கு உரியது போய்ச் சேர வேண்டும்.

இவற்றில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு வாய்வழியாகப் பெருத்தது என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லோரும் அதை நம்பினார்கள் என்பது மட்டும் உறுதி. அந்த நம்பிக்கைக்கு ஒரு வேலையும் இருந்தது. கேட்காத குமாஸ்தாவுக்கும் காசு நீட்டப்பட்டது, ஏனென்றால் நீட்டாவிட்டால் வேலை நடக்காது என்று வந்தவர் வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். நீட்டியதை வாங்கிக்கொண்ட குமாஸ்தா, ஊர் வழக்கமே இதுதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஊரும் அப்படி வளர்ந்திருந்தது. 1945-ல் போர் முடிந்தபோது ஹாங்காங்கில் சுமார் 6 லட்சம் பேர்தான் இருந்தார்கள். சீனாவிலிருந்து அலையலையாக மக்கள் வந்து சேர, 1970களின் தொடக்கத்தில் அந்தத் தொகை 40 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீடு, பள்ளி, மருத்துவமனை எதுவும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பற்றாக்குறை இருக்கும் இடத்தில் வரிசை இருக்கும். வரிசை இருக்கும் இடத்தில் அதைத் தாண்டிப்போக ஒரு விலையும் இருக்கும்.

காவல்துறையில் இது உதிரி உதிரியாக நடக்கவில்லை. சூதாட்ட விடுதி, அபின் கடை, விபசார விடுதி, தள்ளுவண்டிக்காரர் என்று எல்லோரிடமிருந்தும் மாமூல் முறையாக வசூலாகி, சீன சார்ஜண்டுகள் வழியாகப் பிரிந்து மேலே போனது. அவர்களில் புகழ்பெற்றவர் லூயி லோக். அவரிடம் 50 கோடி டாலர் இருப்பதாக ஊர் பேசியது. அந்தத் தொகையே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சேரும் காவலருக்கு மூத்தவர்கள் பேருந்தை வைத்து அறிவுரை சொல்வார்களாம்: பேருந்தில் ஏறிக்கொள்ளலாம், ஏற விருப்பமில்லை என்றால் கூடவே ஓடலாம், எதிரே போய் மட்டும் நிற்காதே. ஏறுவது என்றால் பங்கு வாங்குவது. ஓடுவது என்றால் கண்டும் காணாமல் இருப்பது. எதிரே நின்றவருக்கு என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஊழலைப் பிடிக்க ஆள் இல்லாமல் இல்லை. ஊழல் தடுப்புக்கென்றே ஓர் அலுவலகம் பல ஆண்டுகளாக இருந்தது. சங்கடம் என்னவென்றால், அது காவல்துறைக்குள்ளேயே இருந்தது. அதைப் பிரித்துத் தனியாக்கலாம் என்ற யோசனை வந்தபோதெல்லாம் காவல்துறைத் தலைமை மறுத்தது. எங்கள் வீட்டை நாங்களே பெருக்கிக்கொள்கிறோம் என்றார்கள். அந்த அலுவலகத்தில் நேர்மையானவர்கள் இருந்தார்கள், திறமையானவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு காய்கறிக் கடைக்காரர் தன்னிடம் மாமூல் வாங்கும் காவலரைப் பற்றி இன்னொரு காவலரிடம் போய் எப்படிப் புகார் சொல்வார்?

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு கிளைக்கதை. 1968-ல் ஹாங்காங் அரசு தன் அதிகாரிகள் சிலரைச் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் அனுப்பியது. அங்கே லஞ்சத் தடுப்புச் சட்டங்கள் எப்படி நடைமுறையில் இருக்கின்றன என்று பார்த்து வரச் சொன்னது. இலங்கை 1954-லேயே லஞ்சச் சட்டம் இயற்றிய நாடு. சிங்கப்பூரில் லஞ்ச விசாரணைப் பிரிவு 1952-லேயே காவல்துறையிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. போய்வந்தவர்கள் கொண்டுவந்த பாடங்களில் ஒன்று 1971-ல் ஹாங்காங்கின் புதிய லஞ்சத் தடுப்புச் சட்டத்தில் 10-ஆம் பிரிவாக இடம்பிடித்தது. அரசு ஊழியர் ஒருவரிடம் சம்பளத்துக்குப் பொருந்தாத சொத்து இருந்தால், அது எப்படி வந்தது என்று அவர்தான் விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் அதுவே குற்றம். சிங்கப்பூரின் இன்னொரு பாடமான தனி அலுவலகத்தை மட்டும் அப்போது ஹாங்காங் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த 10-ஆம் பிரிவில் வந்து சிக்கியவர்தான் பீட்டர் கோட்பர்.

கோட்பர் 1952-ல் காவல்துறையில் சேர்ந்த ஆங்கிலேயர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1967 கலவரத்தின்போது கூட்டத்தின் முன்னால் துணிந்து நின்றவர் என்று பெயர் எடுத்தவர், பதக்கமும் வாங்கியவர். 1973-ல் கவுலூன் பகுதியின் துணைத் தலைமை அதிகாரியாக இருந்தார், ஓய்வு பெறும் தறுவாயில். அவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறார் என்ற துப்புக் கிடைத்து, காவல்துறையின் ஊழல் தடுப்பு அலுவலகமே விசாரித்தது. தோண்டத் தோண்டக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் வந்து நின்றது. 21 ஆண்டுகளில் அவர் வாங்கிய மொத்தச் சம்பளத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. 1973 ஜூன் 4-ஆம் தேதி அவருக்கு நோட்டீஸ் போனது: ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டும்.

அவர் ஒரு வாரம் காத்திருக்கவில்லை. ஜூன் 8-ஆம் தேதி கைதக் விமான நிலையத்துக்குப் போனார். காவல்துறை அதிகாரிகளுக்கான தன் அனுமதி அட்டையைக் காட்டி, குடிவரவுச் சோதனையைச் சுற்றிக்கொண்டு சிங்கப்பூர் விமானத்தில் ஏறினார். அங்கிருந்து லண்டன். பிறகு இங்கிலாந்தின் தென்கரையில் ரை என்ற சிற்றூர்.

ஊர் கொதித்தது. கோட்பர் வாங்கினார் என்பதில் ஊருக்கு வியப்பு இல்லை; அது எல்லோருக்கும் தெரிந்த கதை. நோட்டீஸ் கொடுத்த பிறகும், விமான நிலையத்துக்குத் தகவல் சொல்லக்கூட ஆளில்லாமல், காவல்துறையின் அட்டையைக் காட்டியே காவல்துறைக்காரர் தப்பிப்போனார் என்பதுதான் பொறுக்கவில்லை. எலி பிடிக்க வைத்த பூனையே எலியை மடியில் வைத்துக் கொண்டுபோய் விட்டுவந்தது போல் இருந்தது. ஆகஸ்ட் 26-ஆம் தேதி விக்டோரியா பூங்காவில் இளைஞர்களும் மாணவர்களும் அனுமதியில்லாமல் கூடினார்கள். ‘ஊழலை எதிர்ப்போம், கோட்பரைப் பிடி!’ என்பது முழக்கம். காவல்துறை சிலரைக் கைது செய்தது. ஊழல்காரர் இங்கிலாந்தில் உலாவுகிறார், அவரைப் பிடி என்று கேட்டவர்கள் லாக்கப்பில் இருக்கிறார்கள் என்பது நகரத்தின் கண்ணில் படாமல் போகுமா?

அப்போது ஆளுநர் முர்ரே மெக்லெகோஸ். காலனி நிர்வாகத்தில் படிப்படியாக ஏறியவர் அல்ல, வெளியுறவுத் துறையிலிருந்து வந்த இராஜதந்திரி. 1967 கலவரம் ஆட்சியையே ஆட்டிப்பார்த்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஹாங்காங்கில் ஆளுநரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டுப் போட்டு இறக்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட ஆட்சிக்கு மக்கள் தன்னை என்ன நினைக்கிறார்கள் என்பது, என் கணக்கில், தேர்தல் நடக்கும் நாட்டைவிட அதிகமாக உறுத்தும். மெக்லெகோஸுக்கு உறுத்தியது. மூத்த நீதிபதி சர் அலஸ்டேர் பிளேர்-கெர் தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தார்.

பிளேர்-கெர் இரண்டு அறிக்கைகள் கொடுத்தார். முதலாவது, கோட்பர் எப்படித் தப்பினார் என்பது. அது விமான நிலைய விவகாரம், விரைவாக முடிந்தது. செப்டம்பரில் வந்த இரண்டாவது அறிக்கையில்தான் இந்தக் கதையின் கரு இருக்கிறது. ஊழல் தடுப்பு அலுவலகத்தைக் காவல்துறையிலிருந்து பிரிக்கலாமா, வேண்டாமா என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். வேலைத்திறன் என்று பார்த்தால் இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. காவல்துறையிடம் ஆள் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, துப்புக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்? ஆனால் தராசைச் சாய்த்தது வேறொன்று. அந்த அலுவலகம் காவல்துறைக்குள் இருக்கும்வரை, அரசு ஊழலை ஒழிக்க உண்மையாகவே நினைக்கிறது என்று மக்கள் ஒருநாளும் நம்பமாட்டார்கள் என்று நீதிபதி எழுதினார். அது அரசியல் காரணம், மனம் சார்ந்த காரணம் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

ஒரு நீதிபதி, சாட்சியையும் சட்டத்தையும் எடைபோட்டுப் பழகியவர், மக்கள் மனத்தில் இருப்பதை ஆதாரமாக ஏற்றுக்கொண்ட இடம் இது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஊழல் ஒழிப்பு என்றால் குற்றவாளியைப் பிடிப்பது, தண்டிப்பது என்றுதான் அதுவரை பேச்சு. மக்கள் நம்பாவிட்டால் புகார் வராது, புகார் வராவிட்டால் வழக்கு இல்லை, வழக்கு இல்லாவிட்டால் நம்பிக்கையும் வராது என்ற சுழலை அறிக்கை எழுத்தில் கொண்டுவந்தது. அந்தச் சுழலை எங்காவது ஓர் இடத்தில் அறுத்தாக வேண்டும். அறுப்பதற்கு அவர் காட்டிய இடம் நம்பிக்கை.

மெக்லெகோஸ் தயங்கவில்லை. 1973 அக்டோபர் 17-ஆம் தேதி சட்டமன்றத்தில் தனி அமைப்பை அறிவித்தார். 1974 பிப்ரவரி 15-ஆம் தேதி ஊழலுக்கு எதிரான சுயேச்சை ஆணையம் பிறந்தது. உலகம் அதை ஐ.சி.ஏ.சி. என்று அழைக்கிறது. முதல் ஆணையர் ஜாக் கேட்டர், நிர்வாகத்தில் ஊறியவர். புலனாய்வுக்குத் தலைமை ஜான் பிரெண்டர்காஸ்ட், கென்யாவிலும் சைப்ரஸிலும் உளவுத்துறையில் இருந்தவர். ஆணையம் காவல்துறைக்கும் கீழே இல்லை, அரசுத் துறைகளுக்கும் கீழே இல்லை. அன்று ஆளுநருக்கு மட்டுமே பதில் சொன்னது.

ஆணையத்துக்கு மூன்று துறைகள். ஒன்று பிடிக்கும் துறை. இன்னொன்று, ஒவ்வோர் அலுவலகத்திலும் கையூட்டுக்கு வழிவிடும் ஓட்டைகளைக் கண்டுபிடித்து நடைமுறையை மாற்றச் சொல்லும் துறை. மூன்றாவதுதான் அதுவரை எந்த ஊரிலும் அந்த அளவுக்குப் பார்க்காதது: மக்கள் தொடர்புத் துறை. அதன் வேலை, ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பதும் அந்த நினைப்பை மாற்றுவதும்.

ஆனால் பிறந்தவுடனே எல்லோரும் நம்பிவிடவில்லை. ஊர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: கோட்பர் எங்கே?

அது எளிய வேலை இல்லை. விளக்க முடியாத சொத்து ஹாங்காங்கில் குற்றம். பிரிட்டனில் அப்படி ஒரு குற்றமே கிடையாது. இரண்டு இடத்திலும் குற்றமாக இருந்தால்தான் ஆளை ஒப்படைப்பார்கள். ஆகவே 43 லட்சத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊழலுக்காகச் சிறைக்குப் போன இன்னொரு பிரிட்டிஷ் காவல் அதிகாரி எர்னஸ்ட் ஹன்ட் வாய்திறந்தார். செங் ஹான்-குவென் என்ற சீனக் கண்காணிப்பாளரும் சாட்சி சொல்ல முன்வந்தார்: வான்சாய் பகுதிக்குப் பொறுப்பான பதவியைப் பெறத் தான் கோட்பருக்கு 25,000 டாலர் கொடுத்ததாக. லஞ்சம் வாங்குவது பிரிட்டனிலும் குற்றம். 1974 ஏப்ரல் இறுதியில் ரை ஊரில் கோட்பர் கைதானார். எட்டு மாத வழக்காடலுக்குப் பிறகு 1975 ஜனவரி 7-ஆம் தேதி ஹாங்காங்குக்குக் கொண்டுவரப்பட்டார். பிப்ரவரியில் விசாரணை, சில நாட்களிலேயே தீர்ப்பு, நான்கு ஆண்டுச் சிறை.

கணக்குப் பார்ப்பவர் இதில் சலித்துக்கொள்ளலாம். 43 லட்சத்துக்குத் தண்டனை இல்லை, 25,000-க்குத்தான் தண்டனை. திருப்பிக் கட்டச் சொன்னதும் அந்த 25,000-ஐத்தான். நான்கு ஆண்டையும் அவர் முழுசாக உள்ளே கழிக்கவில்லை. வெளியே வந்ததும் ஸ்பெயினில் குடியேறினார். பணத்தின் அளவில் அரசு தோற்றது என்றே சொல்லலாம். ஊர் அப்படிப் பார்க்கவில்லை. வெள்ளைக்கார மேலதிகாரி ஒருவர், அதுவும் கடல் தாண்டிப் போனவர், திரும்பக் கொண்டுவரப்பட்டுக் கூண்டில் நிற்கிறார் என்பதே போதுமாக இருந்தது. அந்த ஒரு வழக்கு செய்ததை நூறு சுவரொட்டிகளால் செய்திருக்க முடியாது.

பிறகு மூன்றாவது துறை இறங்கியது. கவுலூனில் 1975-ல் முதல் கிளை அலுவலகம் திறந்தது. பிறகு மற்ற பகுதிகளிலும். மாடியில் ஏறி, காவலாளியிடம் பேர் எழுதி, பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கும் அலுவலகம் அல்ல. கடைவீதியில் போகிற போக்கில் நுழையலாம். புகாரை இரவும் பகலும் வாங்கினார்கள். சிறிய புகார், பெரிய புகார் என்று தரம் பிரிக்கக் கூடாது என்பது விதி. பத்து டாலர் கேட்ட ஆயாவைப் பற்றிச் சொல்ல வந்தவரும் ஆளாக மதிக்கப்பட்டார். விசாரிக்கத் தக்க புகார் என்றால் 48 மணி நேரத்துக்குள் புகார்தாரரைத் தொடர்புகொண்டுவிடுவோம் என்று பின்னாளில் எழுத்திலேயே உறுதி கொடுத்தார்கள். விசாரணைக்கு அழைக்கப்படுவதை ஹாங்காங்கில் இன்றும் ‘காபி குடிக்கக் கூப்பிடுகிறார்கள்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் காபிக்கு அழைப்பு வந்தால் தூக்கம் போய்விடும் என்பது வேறு விஷயம்.

தொலைக்காட்சியையும் விடவில்லை. ஆணையத்தின் வழக்குகளை வைத்து 1970களின் பிற்பகுதியில் நாடகத் தொடர்கள் வந்தன. பின்னாளில் உலகறிந்த இயக்குநரான ஆன் ஹுய் அவற்றில் சில பகுதிகளை எடுத்தார். அவர் எடுத்ததில் இரண்டு பகுதிகள் அப்போது ஒளிபரப்பப்படவே இல்லை. சூடு அதிகம் என்று பெட்டிக்குள் போய், இருபது ஆண்டுகளுக்குப் பிறகே வெளியே வந்தன. மக்கள் நினைப்பை மாற்ற நினைத்த அரசுக்கும், எந்த அளவுக்கு மாற வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருந்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது, அதிகம் பேசப்படாத இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, விசாரணையில் இருப்பவர் யார் என்பதைக் கைதுக்கு முன்னால் வெளியே சொல்வது லஞ்சத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டு வாசலில் கேமராக்களை நிறுத்திவிட்டுச் சோதனைக்குப் போகும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. ஆணையம் மக்கள் மனத்தில் இடம் பிடிக்க வேண்டும், ஆனால் நிரூபிக்கப்படாத பெயர்களைக் காட்டி அல்ல என்று சட்டமே வரம்பு கட்டியது. இன்னொன்று, எந்தப் புகாரையும் ஆணையம் தானாக மூடிவிட முடியாது. வெளியாட்கள் அடங்கிய பரிசீலனைக் குழு ஒன்று கோப்பைப் பார்த்து, சரி, இதில் மேலே போக ஒன்றுமில்லை என்று ஒப்ப வேண்டும். புகார் கொடுத்தவருக்கு, தன் கடுதாசி குப்பைக்கூடைக்குப் போகவில்லை என்ற உறுதி அங்கிருந்து வந்தது.

முதல் ஆண்டிலேயே 3,000-க்கு மேல் புகார்கள் வந்து குவிந்தன. பத்தில் எட்டுக்கு மேல் அரசு ஊழியர்களைப் பற்றியவை; அவற்றில் பெரும்பங்கு காவல்துறை. புகார் கூடினால் ஊழல் கூடிவிட்டது என்று அர்த்தமா? தலைப்புச் செய்தி எழுதுபவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். முந்தைய ஆண்டுகளில் வாயைத் திறக்காதவர்கள் இப்போது திறந்தார்கள் என்பதுதான் நடந்தது. அப்போதும் பெரும்பாலானவை மொட்டைக் கடுதாசிகள். பேர் போட பயம். பல ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. பத்தில் ஏழு பேர் தங்கள் பெயரைச் சொல்லியே புகார் கொடுக்கத் தொடங்கினார்கள். ஓர் ஆணையத்தின் மதிப்பை அளக்க எனக்கு ஒரே ஓர் எண்தான் தரலாம் என்றால், நான் கைதுகளின் எண்ணிக்கையைக் கேட்கமாட்டேன், இந்த எண்ணைக் கேட்பேன்.

ஆணையம் 1977 முதல் மக்களிடம் நேரடியாகவே கணக்கெடுப்பு நடத்தியது: அரசு அலுவலகங்களில் ஊழல் எந்த அளவு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? கண்டால் புகார் கொடுப்பீர்களா? பெயர் சொல்வீர்களா? ஊழலைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதையே ஓர் அரசு அமைப்பு இப்படி விடாமல் அளந்துகொண்டு வந்தது அந்நாளில் அபூர்வம்.

அதே 1977-ல்தான் எல்லாம் கவிழப் பார்த்தது. யாவ் மா தெய் பழச்சந்தையைச் சுற்றிய போதைப்பொருள் கும்பலைத் தோண்டியபோது, அவர்களிடமிருந்து மாமூல் வாங்கிய காவலர்கள் கூட்டம் கூட்டமாகச் சிக்கினார்கள். காவல்துறை பொங்கியது. அக்டோபர் 28-ஆம் தேதி ஆயிரக்கணக்கான காவலர்கள் தலைமையகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அவர்களில் ஒரு கூட்டம் ஹட்சிசன் ஹவுஸ் கட்டடத்தில் இருந்த ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களை அடித்தது. நகரத்தில் ஒரே ஒரு காவல்துறைதான் இருக்கிறது. அது வேலையை நிறுத்திவிட்டால் யாரைக் கூப்பிடுவது? நவம்பர் 5-ஆம் தேதி மெக்லெகோஸ் பின்வாங்கினார். 1977 ஜனவரி 1-க்கு முன் நடந்த ஊழல்களுக்கு, சில விலக்குகள் தவிர, பொது மன்னிப்பு. அதற்கும் மேல் கேட்டு ஒரு பகுதியினர் முறைத்தபோது, கீழ்ப்படியாதவரை உடனே வீட்டுக்கு அனுப்ப அவசரச் சட்டம் கொண்டுவந்து நிறுத்தினார்.

மன்னிப்பின் விளைவு புகார்ப் பெட்டியில் தெரிந்தது. 1978-ல் வந்த புகார்கள் முதல் ஆண்டில் வந்ததில் பாதியைக்கூட எட்டவில்லை. ஊழல் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. பெரியவர்கள் கடைசியில் பெரியவர்களோடு சமரசம் செய்துகொண்டார்கள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அந்தத் தடுமாற்றத்திலிருந்து ஆணையம் எழுந்ததற்கு ஒரு காரணம், அது மன்னிப்பை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் அதன் எல்லைக்குள் வேலையைத் தொடர்ந்தது. 1978-ல் நூற்றுக்கும் மேற்பட்ட காவல் அதிகாரிகள் பொதுநலன் கருதி வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். கூட்டாக வசூலித்துப் பங்கு பிரிக்கும் அந்தப் பழைய முறை அதற்குப் பிறகு தலைதூக்கவில்லை. நேர்மையாகச் சொன்னால் ஆணையம் மட்டும் காரணம் இல்லை. குதிரைப் பந்தயத்தில் மைதானத்துக்கு வெளியே பணம் கட்டுவது 1970களின் நடுவில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. கள்ளப் பந்தயக்காரரிடமிருந்து வந்த மாமூலின் ஊற்றுக்கண் ஒன்று அதனால் வற்றியது. சம்பளமும் ஏறியது, வீடுகளும் கட்டப்பட்டன.

ஹாங்காங்குக்குக் கைகூடியது எல்லா இடத்திலும் கைகூடும் என்று நினைத்துவிடக் கூடாது. சுவீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் குன்னர் மிர்தால் 1968-ல் வெளியான ‘ஏஷியன் டிராமா’வில், ஊழலைப் பற்றி ஊர் பேசும் கதைகளே தனியாக ஒரு சக்தி என்று எச்சரித்திருந்தார். எல்லோரும் வாங்குகிறார்கள் என்று நினைப்பவர் தானும் வாங்கக் கூசமாட்டார் என்பது அவர் வாதம். அந்த அத்தியாயத்துக்கு அவர் பெரிதும் துணைகொண்டது, நம்மூர் கே. சந்தானம் தலைமையிலான குழு 1964-ல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையை. மிர்தால் சொன்னதை நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஆய்வாளர்கள் நிக் சீஸ்மனும் கேரின் பைஃபரும் சோதித்தே பார்த்தார்கள். 2,400 வீடுகளில் நடந்த ஆய்வில் பலரிடம் ஊழல் எதிர்ப்பு வாசகங்களைச் சொல்லிவிட்டு, உண்மைப் பணம் வைத்து ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். வாசகத்தைக் கேட்டவர்கள் லஞ்சம் கொடுப்பதைக் குறைக்கவில்லை. ஊழல் எங்கும் நிறைந்திருக்கிறது என்று ஏற்கெனவே நம்பியவர்களில் சிலர் முன்னைவிட அதிகமாகவே கொடுத்தார்கள். ‘ஊழலை ஒழிப்போம்’ என்ற பலகை அவர்கள் காதில், ஊழல் இன்னும் ஒழியவில்லை என்றே விழுந்தது.

எங்கும் ஊழல்தான் என்ற அந்த நினைப்பு ஹாங்காங்கிலும் முள்ளாகக் குத்தத்தான் செய்தது. 2014 டிசம்பரில் அரசின் முன்னாள் தலைமைச் செயலர் ரஃபேல் ஹுய் ஊழல் வழக்கில் ஏழரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பெரும் கட்டட நிறுவன அதிபர் ஒருவரும் கூடவே உள்ளே போனார். அவ்வளவு உயரத்தில் இருந்தவரும் தப்பவில்லை என்று மகிழ்வதா, அவ்வளவு உயரத்திலேயே அழுகியிருந்ததே என்று வருந்துவதா? ஊரில் இரண்டும் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆணையத்தின் முன்னாள் தலைவர் திமோதி டாங்கின் விருந்துச் செலவுகளும் அவர் கொடுத்த பரிசுகளும் செய்தியாயின. அவர்மீது வழக்கு தொடரப்படவில்லை. ஆனால் காபி கொடுத்துப் பேர் வாங்கிய அமைப்புக்கு அந்த விருந்துகளால் வந்த கெட்ட பெயர் எந்த வழக்கையும்விடப் பெரிது. 2021 முதல், தேர்தலில் வெற்றுச் சீட்டுப் போடச் சொன்னவர்களையும் இதே ஆணையம்தான் பிடித்தது. சட்டம் அந்த வேலையை அதன் தலையில் கட்டியது என்றாலும், லஞ்சம் பிடிக்கப் பிறந்த அமைப்பு அரசியல் பேச்சுக்குப் பின்னால் போவது அதன் பெயருக்கு நல்லதல்ல என்பது என் கருத்து.

பல நாடுகள் இந்த ஆணையத்தைப் பார்த்து நகலெடுத்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1988-ல், மலேசியா 2009-ல். இலங்கையிலும் 1994-ல் லஞ்ச ஊழல் சாட்டுதல்களை விசாரிக்கும் ஆணைக்குழு வந்தது. 1968-ல் ஹாங்காங்காரர்கள் சட்டம் படிக்க வந்த அதே நாடு. அங்கே ஆணைக்குழு தாக்கல் செய்த வழக்குகள் பல, ஆணையாளர்கள் மூவரின் எழுத்துமூலச் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்ற நுட்பக் காரணத்தால் 2021 வாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதியா இல்லையா என்று யாருக்கும் தெரியாமலே கோப்பு மூடியது. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடியில் மக்கள் தெருவில் இறங்கியபோது எழுந்த முழக்கங்களில் ஊழலுக்கு எதிரானவையும் இருந்ததில் வியப்பில்லை. 2023-ல் இலங்கை புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம் இயற்றி ஆணைக்குழுவுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்திருக்கிறது. திரும்பப் பெற்ற அந்தப் பழைய வழக்குகளில் எத்தனை மீண்டும் தாக்கலாயின, எத்தனை தீர்ப்புவரை போயின, எவை ஏன் கைவிடப்பட்டன என்று மூன்று மொழிகளிலும் ஒரு பட்டியலை அந்த ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளை அதற்குப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.